ஈட்டிய விடுப்பு

ஆட்டோ வேண்டாம் என்றார்.
ஜங்ஷன் லாட்ஜில் பெட்டியை வைத்த கையோடு
டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று
டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார்.
வருடம் முழுக்க
சென்னையில் பஸ் ஓட்டுகிற மனுஷன்
நாலு நாள் விடுப்பெடுத்து
திருநெல்வேலி வரைக்கும் வந்திருப்பது
பஸ்ஸில் போக.

எனக்குக் காசில்லாத சீட்டு.
அவருக்குக் காசு.
"உங்க அட்டையக் காட்டிப் பாக்கலாமே" என்றேன்.
"லீவுல இருக்கேன்."
சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.
சில்லறைக்காக நடக்கும் சண்டைகளை
இருபத்தோரு வருடம் முதுகால் கேட்டவர்.

ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது
ஜன்னலில் தலையை ஒட்டிக்கொண்டு சொன்னேன்:
பாலத்துக்கு அடியில் இன்னொரு பாலம்,
அதற்கும் அடியில் ரயில்!
அவர் பார்த்துக்கொண்டிருந்தது
டிரைவரின் இடது காலை.
வளைவு வந்தது.
இவருடைய வலது கால்
தகரத் தரையை அழுத்தி மிதித்தது.
வண்டி நின்றது.
யார் நிறுத்தியது என்று
எனக்கே கொஞ்சம் சந்தேகம்.

கோயிலில் தூண்கள் பாடும் என்றார்கள்.
தட்டக் கூடாது என்றார் காவலர்.
காதை வைத்துப் பார்த்தேன்,
கல் சும்மா குளிர்ந்தது.
திரும்பும் வண்டியில்
கண்டக்டர் கம்பியில் காசைத் தட்டினார்,
டங் டங், உள்ள போங்க, உள்ள போங்க.
"இது பாடுது பார்" என்றார் இவர்.

இரண்டாம் நாள்
குறுக்குத்துறைக்கு என்று ஏறினோம்.
"பேட்டை வண்டில்லா இது" என்றார் கண்டக்டர்.
"எறங்காண்டாம், இருங்க.
போனா திரும்பித்தான வரணும்."
பேட்டையில் பன்னிரண்டு நிமிடம் நின்றது.
அதற்குள் டிரைவர் சொரிமுத்துவும் இவரும்
எப்படியோ ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து
உள்ளங்கைக் காய்ப்புகளை
வரன் ஜாதகம்போல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
மூணாவது கியர் விழ மாட்டேங்கிறதாம்.
என் அண்ணன் கல்யாணத்தில்கூட
இவர் இத்தனை சிரித்ததில்லை.
நான் ஒரு கூறு வெள்ளரிப்பிஞ்சை
தனியாகத் தின்று முடித்தேன்.

ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.
தாமிரபரணியில் காலை விட்டு உட்கார்ந்தோம்.
மீன்கள் கடித்தன.
வலது காலை எடுத்துக்கொண்டார்,
இடது காலை விட்டுவைத்தார்.
கிளட்ச் மிதித்த காலுக்கு
எதுவும் உறைக்காது என்றார்.
சொன்னதில்லை இதுவரை.
எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேனே அந்தக் காலுக்கு,
எத்தனையோ ராத்திரி.

பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம் பார்த்தோம்.
அதாவது நான் பார்த்தேன்.
"எந்தப் பக்கம்?" என்று அவர் திரும்புவதற்குள்
போய்விட்டது.
பக்கவாட்டில் பார்க்க
அவருக்கு இன்னும் வரவில்லை.

கடைசி நாள் ராத்திரி, வண்டி காலி.
ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம்.
மடியில் அல்வாப் பொட்டலம் சூடாறவில்லை.
"உங்க வண்டியில
நான் ஒருநாளும் ஏறினதில்ல, தெரியுமா?"
"ஏறாத.
கண்ணாடியில நீ தெரிஞ்சா"
என்று தொடங்கி
வண்ணார்பேட்டை வெளிச்சத்தில்
அதை முடிக்காமல் விட்டார்.

பிறகு பார்த்தால்
தோளில் கனம்.
பஸ்ஸில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.
ஒரு நாய் குறுக்கே வர
டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார்.
ரெண்டு கம்பி ஆடியது,
என் நெஞ்சு முன்னால் போய் வந்தது.
இவர் கால் அசையவில்லை.

"அண்ணாச்சிய எழுப்புங்கம்மா,
ஜங்ஷன் வந்துட்டு."
"இந்த வண்டி எதுவரைக்கும் போகும்?"
"புது பஸ் ஸ்டாண்டு."
"அதுவரைக்கும் இவருக்கு ஒண்ணு குடுங்க."
"உங்களுக்கு?"
"எனக்குத்தான் காசில்லையே."
"காசில்லாட்டியும் சீட்டு உண்டும்மா,
கணக்கு இருக்குல்லா."
ரெண்டு சீட்டு கிழித்தார்.
விசிலை வாயில் வைத்தவர்
இவரைப் பார்த்துவிட்டு
கையால் கம்பியைத் தட்டினார்,
மெதுவாக, ரெண்டு தரம்.