விகுதி

காந்தி ரோட்டுப் பின்சந்து, லாட்ஜின் மூன்றாம் மாடி.
மாதக் கணக்கில் எடுத்தால் வாடகை குறையும்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நடுவே
வியாதியில்லாமல் தங்கியிருப்பவன் நான் ஒருவன்.
வெளிநாட்டுத் தொடர்களுக்குக் கீழே தமிழில் வரி போடுகிறேன்,
நிமிடத்துக்கு நாற்பது ரூபாய்.

இது முன்கதை.
மூலத் தொடரில் அவள் முதல் காட்சியிலேயே
முப்பது வயதாய் வந்து நிற்பாள்.
விண்கலத்தை ஓட்டுவாள். வியர்த்து யாரும் பார்த்ததில்லை.
பெற்றார்களா, செய்தார்களா என்று
ஆறு வருடம் அடித்துக்கொண்டார்கள்.
அதைச் சொல்லத்தான் இதை எடுத்தார்கள்.
சொல்லவில்லை.
ஒன்பதாம் பாகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி,
ஒரு பிரசவ அறை,
மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள்.
இரண்டிலும் அழுகை கேட்கிறது.
பத்தாம் பாகம் எடுக்கப் பணமில்லாமல் போயிற்று.

அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்.
விழிப்பு நடந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.
ஆளா பொருளா என்று சொல்லாமல் நழுவ
அவர்களுக்கு இடமிருக்கிறது.
விழித்தா–
விழித்த–
விரல் அங்கேயே நிற்கிறது.
‘ஏதாவது ஒண்ணு போடுங்க சார்’ என்கிறார்
சென்னையிலிருந்து ஜெசிந்தா,
‘காலையில அஞ்சுக்கு ஃபைல் வேணும்.’

பக்கத்து அறையில் மால்டாவிலிருந்து வந்த சுனிர்மல்.
செவ்வாய்க்கிழமை வரை
‘அவரு கஞ்சி குடிச்சாரா’ என்று கேட்டுக்கொண்டிருந்த
மேனேஜர் முனவ்வர்
புதனன்று அவர் மனைவியிடம் கேட்டார்:
‘எப்போ குடுப்பாங்களாம்? வண்டிக்குச் சொல்லணுமே.’
கல்நெஞ்சக்காரர் இல்லை.
இரண்டு நாள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்,
டீக்கும் அவரே காசு கொடுத்தார்.
வாய்தான் ஒரே இரவில் திணை மாறிவிட்டது.

வராந்தாவில் பெருக்க வந்த பச்சையம்மா
என் கதவைத் தட்டி அதட்டினாள்:
‘சவுண்டைக் கொறைங்க.
இருநூத்தி நாலுல அது இப்பத்தான் கண்ணசந்துச்சு.’
அது என்றது
இதயத்தில் ஓட்டையோடு வந்த
நாலு மாதப் பிள்ளையை.
அப்படிச் சொல்லும்போது
அவள் குரல் எவ்வளவு தணிந்தது.

கரண்ட் போய் வந்தது.
ஜன்னலுக்கு வெளியே கோட்டை அகழியிலிருந்து
பாசி நாற்றம்.
கொஞ்சம் தள்ளிப் பாலாறு,
ஒரு சொட்டு இல்லாவிட்டாலும்
ஆறு என்றுதான் பேர்.
இதெல்லாம் என் வேலைக்கு உதவாது.

நாலே முக்காலுக்கு எழுதினேன்:
விழித்தது.
அடுத்த வரியிலேயே:
அவள் கண்ணில் வெளிச்சம் படாமல் பிடியுங்கள்.
பிழை என்று திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

ஏழு மணிக்கு முனவ்வர் கதவைத் தட்டுகிறார்.
இரண்டு வருடமாகிறது,
என்னை நீ என்பதா நீங்கள் என்பதா என்று
அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

‘எழுந்தாச்சா?’

அந்தச் சொல் இருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை.
ஃபைல் போய்ச் சேர்ந்திருக்கும்.

‘ஆச்சு’ என்றேன்.