உப்புக் கரடி

வூச் நகரில் எங்கள் வீடு நான்காம் மாடி.
ஒரே ஒரு வீடியோ கேசட் இருந்தது.
அம்மா நெசவாலைக்கு இரவு ஷிப்ட் கிளம்பிய பிறகு
அண்ணன் ஜெமோவித் அதை உள்ளே தள்ளுவான்.
பெட்டி அதை விழுங்கும்.
ஒரு விக்கல்.
பிறகு கடல்.

உறைந்த கடல், இரண்டு குழந்தைகள்,
அவர்களை முதுகில் சுமந்து நடக்கும்
உப்பாலான ஒரு கரடி.
மழை பட்டால் கரைந்துவிடும்.
அதனால் படம் முழுக்க எல்லோரும்
அண்ணாந்து அண்ணாந்து பார்த்தபடியே
சாகசம் செய்வார்கள்.

குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
வெளிநாட்டுப் படம் என்றால் எங்கள் ஊரில் அப்போது
ஒரே மனிதர் எல்லார் வசனத்தையும்
போலிஷ் மொழியில் வாசித்துக்கொண்டே போவார்,
மின்கட்டண ரசீதை வாசிப்பதுபோல.
சூனியக்காரிக்கும் அவர், சிறுமிக்கும் அவர்,
கரடிக்கும் சளி பிடித்த அவரே.
"ஐயோ, விழுகிறேன்" என்பார்,
விழாமல்.
ஒருமுறை தும்மினார்.
கரடிதான் தும்மியது என்று
பள்ளியில் சண்டையே போட்டிருக்கிறேன்.

கடைசியில் கலங்கரை விளக்கம் தெரியும்.
கரடி நிற்கும்.
அதன் மூக்கின்மேல் ஒரு துளி.
அவ்வளவுதான்,
படம் அறுந்து வானிலை அறிக்கை.
யாரோ அதன்மேலேயே பதிவு செய்திருந்தார்கள்.
பச்சைக் கோட்டு போட்ட பெண்மணி
வரைபடத்தைக் குச்சியால் தொட்டு
பால்டிக் கரையோரம் பரவலாக மழை என்பார்.

நான் வீறிட்டு அழுவேன்.
ஜெமோவித்துக்கு அப்போது பதினோரு வயது.
அந்தப் பெண்மணியை மறைத்துக்கொண்டு நின்று
மீதியைச் சொல்வான்:
சிறுமி தன் கோட்டைக் கழற்றிக் கரடிமேல் போடுகிறாள்.
மூவரும் ஓடிப்போய்
பதினோராம் நம்பர் டிராமில் ஏறிவிடுகிறார்கள்.
"கரடிக்கு டிக்கெட்?"
"அரை டிக்கெட்."
"கண்டக்டர் விட்டாரா?"
"அவர் கண்ணாடி போட மறந்துட்டார்."

பனிக்காலத்தில் லாரிகள் சாலையெங்கும் உப்பு தூவும்.
நேற்று ராத்திரி இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது
என்று நினைத்துக்கொண்டே
டிராமுக்கு நிற்பேன்.
பதினாறு வயது வரைகூட,
யாரிடமும் சொல்லாமல்.

போன சனிக்கிழமை அது அகப்பட்டது.
துடைத்து மெருகேற்றிய புதுப் பிரதி.
மகள் யாக்னா கால்மணி நேரம் பார்த்தாள்,
"அம்மா, அவன் முதுகில் ஜிப் இருக்கு" என்றாள்,
போய்விட்டாள்.
இருந்தது.
வானத்தின்மேல் ஒரு ஏணியின் நிழலும் விழுந்திருந்தது.
கரடிக்கு அதன் சொந்தக் குரல்,
யாரோ ஓர் இளைஞனுடையது, நல்ல குரல்தான்.
அந்நியன் ஒருவன் எங்கள் வீட்டுச் செருப்பில்
நடப்பதுபோல் இருந்தது.

மூக்கின்மேல் துளி.
இந்த முறை பெண்மணி வரவில்லை.
மழை வந்தது.
சிறுமி கோட்டைக் கழற்றவில்லை.
"திரும்பிப் பார்க்காமல் போங்கள்" என்றது கரடி.
அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
காலிலிருந்து தொடங்கி, நான்கு நிமிடம்,
இசைகூட இல்லாமல் கரைந்தது.
ஜிப் இருந்த இடமும் கரைந்தது.
மிஞ்சியது கடல்,
அதன்மேல் பெயர்கள் ஏறத் தொடங்கின.

படுபாவி, எல்லாம் தெரிந்துகொண்டா
என் எதிரில் நின்று அளந்தாய் என்று
உடனே போன் போட்டேன்.
பெர்கனில் கப்பல் வெல்டர் அவன்,
இரண்டு வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை,
அம்மாவின் வீட்டை விற்றதிலிருந்து.
அவனுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுந்தது.
"அந்தக் கரடிப் படம்" என்றேன்.
மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "கடைசி வரைக்கும் இருக்கா?
எப்படித்தான் முடியுது?
நான் பார்த்ததே இல்லையே, போகுஷா.
மாமா கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது."

திரை கறுத்துக் கிடந்தது.
ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல்
சளி பிடித்த அந்த மனிதரின் குரலில்
வாசித்தேன்:
"கோட்டைப் போர்த்துகிறாள். ஓடுகிறார்கள். டிராம் வருகிறது."

"எந்த நம்பர்?"

"பதினொன்று."

மழை. ஒரு தும்மல்.
"டிக்கெட்?" என்றான்.