கூர் தனி விலை

டிசம்பர் மழைக்கு ஊதிக்கொண்ட
ஸ்டோர் ரூம் கதவுதான் காரணம் என்று
கணக்குக் காட்டலாம்.
மேல்விளிம்பில் ஒரு நகக்கனம் இழைத்தால் போதும் அதற்கு.
அந்த நகக்கனத்துக்காக
மூன்று மாதம், இரவு வேலை முடிந்து வந்து,
இழைப்புளிப் படங்களைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவளை
என்ன சொல்வது.

ஈசூன், பதினோராம் மாடி.
துளைப்பான் போட்டால் சுவர் வழியே
நான்கு குடும்பங்களுக்குப் பல் கூசும்.
மின்ரம்பம் கனவிலும் ஆகாது.
கையால் தள்ளுவது ஒன்றுதான்
புளோக்கில் யாரையும் எழுப்பாத தச்சு.

ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்துக்கடை.
மேடம் சீட் சீன நாளிதழை விரித்து
மூன்றை எடுத்து வைத்தார்.
உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னது.
நான்காம் எண், மிடுக்காக.
அப்புறம் நீளமாய் ஐந்தாம் எண்:
ஏந்தினால்
குறைமாதக் குழந்தையின் எடை.

மூன்றும் சேர்த்து எழுநூற்று இருபது வெள்ளி.
கீழ்த்தட்டில் எண்பது வெள்ளிக்கும் ஒரு செட்.
திருகைத் தொட்டேன், தலையாட்டியது.
எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற ஆள்.
வைத்துவிட்டேன்.

எக்ஸ்ரே எடுப்பது என் தொழில்.
முழங்கால் மூட்டில் இடைவெளி தேய்ந்திருந்தால்
நோயாளி நொண்டுமுன் எனக்குத் தெரியும்.
இரும்பு அளவுகோலை
இழைப்புளியின் அடிவயிற்றில் நிறுத்தி
விளக்குக்கு நேரே தூக்கினேன்.
நான்காம் எண்ணின் நடுவில்
மயிரிழை வெளிச்சம் நுழைந்தது.
ஐந்தாம் எண்ணில் இருட்டு.
ஓரத்திலிருந்து ஓரம்வரை இருட்டு.
மருத்துவமனையில் அது கெட்ட செய்தி.

கல் இருக்கா, என்று கேட்டார்.
எந்தக் கல்?
கத்தி கூராக வராதா?
இரும்புதான் வரும், என்றார்,
கூர் தனி.

இரண்டு கல், ஒரு குப்பி எண்ணெய்.
கணக்கு அங்கேயே புரண்டது.
நான்காம் எண் பெட்டிக்குள் திரும்பியது.
கதவுக்கு வேண்டியிருந்த சின்னதும்
நான் வேறெங்கோ பார்த்தபடி இருக்க
கண்ணாடிக்குப் பின்னே போனது.
ஐந்தாம் எண்ணோடு பேருந்தில்,
மடியில் பையை அணைத்தபடி,
இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

அடுப்படித் தொட்டியில் இரண்டு இரவு தீட்டல்.
கூர் வந்ததா என்று
முன்கை மயிரைச் சிரைத்துச் சிரைத்துப் பார்த்ததில்
இடது கையில் ஒரு வழுக்கைச் சதுரம்.
என்ன படை இது, என்று
கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள் தாதி மேரிவிக்.

நீள இழைப்புளிக்கு
நிற்கிற கதவு சரிப்படாது.
கீல் கழற்றிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும்.
கீழ்வீட்டு ரோஸ்மாவத்தியை அழைத்தேன்.
தாராளமாய்க் கதவின் மேல் ஏறி உட்கார்ந்து,
ரெண்டு ராத்திரியா நீ தேங்காய் துருவுறேன்னு நினைச்சேன்,
ஒரு கிண்ணம்கூடக் கீழே வரலியேன்னு கோபம், என்றாள்.

முதல் தள்ளலில் பொடி.
இரண்டாவதில் மரம் கடித்துக்கொண்டு நின்றது.
கத்தியை உள்ளே இழுத்தேன், இன்னும், இன்னும் கொஞ்சம்.
பிறகு
இழைப்புளியின் வாயிலிருந்து
எழுந்து வந்தது ஒரு சுருள்.
ரோஸ்மாவத்தி அதை விரித்துக் கண்ணில் வைத்து
என்னைப் பார்த்தாள்.
தெரியறே, என்றாள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
இருவருக்குமே மனசு வரவில்லை.
என் முறை, உன் முறை என்று
சோபாவின் கால்கள் மறையும்வரை சுருள்.

பிப்ரவரி. மழை விட்டது.
கதவு தன் பழைய உடம்புக்குத் திரும்பியது.
இப்போது மேல்விளிம்பில்
ஒரு விரல் அகலத்துக்கு
ஸ்டோர் ரூம் விளக்கு
கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.
அளவுகோல் தேவையில்லை.

உள்ளே, காலணிப் பெட்டிகளுக்கு மேல்,
மருந்துப் புட்டிகளில் பொறுக்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் சூழ
எண்ணெய் பூசிப் படுத்திருக்கிறது ஐந்தாம் எண்.

புதுப் பலகை ஒன்று அடிக்க வேண்டும் கதவுக்கு.
அதன் முனைகளைச் சீவ இது ஆகாது.
மேடம் சீட்டுக்குப் போன் செய்தேன்.
சின்னது
இன்னும் விற்கவில்லையாம்.