விடுபட்டவர்

ஓய்வுக்குப் பதினாறு நாள் இருக்கையில்
அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
பாதி நான் எழுதியவை, பாதி கரையான் படித்தவை.

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையை
அம்மா பக்கத்து வீட்டில் இப்படிச் சொல்வாள்:
"குடிகாரங்கள எண்ணுறா."
தப்பில்லை. எண்ணினேன்.
நாளுக்கு எத்தனை குவார்ட்டர்,
நீட்டிய விரல்களில் எத்தனை நடுங்குகின்றன,
விழித்ததிலிருந்து முதல் நினைப்பு வர எத்தனை நிமிடம்.
ஆசை எவ்வளவு, பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்கள் என்றால்
ஒருவர் கேட்டார்: "கடலுக்கு நம்பர் போடுவீங்களா டாக்டர்?"
பத்து என்று எழுதிக்கொண்டேன்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு.
கடலூரிலிருந்து வந்து குடித்து
கடைசி பஸ்ஸில் நின்றபடியே தூங்கிப் போனவர்களை
அதே பஸ்ஸில் எங்களிடம் வரவழைத்தோம்.
செவ்வாய்க்கிழமை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.
வெள்ளை மாத்திரை. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு.
எது யாருக்கென்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதுதான் நேர்மை என்று படித்திருந்தேன்.

வராதவர்களுக்கும் ஒரு விதி இருந்தது:
தொடர்ந்து மூன்று செவ்வாய் வராவிட்டால்
மறுபடி குடிப்பதாகக் கொள்க.
கொண்டோம்.

217. பாவாடைராயன், சிங்காரத்தோப்பு, வலை இழுப்பவர்.
ஆறாவது வாரத்தோடு நின்றுபோனார்.
தனிஸ்லாஸ் மொபெட்டில் இரண்டு தடவை போய்
"வீடு பூட்டியிருந்தது" என்று கையெழுத்திட்டுத் தந்தார்.
நான் கட்டத்தில் டிக் அடித்தேன்: விடுபட்டவர்.
கட்டுரை வெளிவந்தது. வியன்னாவில் கைதட்டினார்கள்.
மூன்றாம் அட்டவணையில், கீழிருந்து இரண்டாம் வரியில்
அவர் பத்தொன்பது வருடமாகக் குடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஒரு கோப்பை மட்டும் கிழிக்கக் கொடுக்காமல்
கடலூர் ஓ.டி.க்கு ஏன் பஸ் ஏறினேன்,
தெரியவில்லை. ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்.

ஐஸ் ஃபேக்டரி வாசலில்
ஒருவர் ஐஸ்பாரைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.
முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் கையை.
நடுங்கவில்லை.

"இங்க பகல் ஷிப்டு போட்டுட்டான்.
லீவு ஞாயித்துக்கெழமைதான்.
ஞாயித்துக்கெழமை வந்தேன் டாக்டர், கேட்டு பூட்டியிருந்துச்சு."
அப்போ குடி?
"அதான் விட்டுட்டனே."
எப்படி?
கொக்கியைத் தரையில் வைத்துவிட்டு யோசித்தார்.
"ஒருநாளு கடைவரைக்கும் போனேன். வரிசை நீளமா நின்னுச்சு.
காலு வலிச்சுது. திரும்பிட்டேன்.
மறுநாளும் காலு வலிக்குமேன்னு போகல."

பதினான்கு பக்கக் கேள்வித்தாள் எங்களுடையது.
கால்வலிக்கு அதில் இடம் விடவில்லை.

உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார்.
குலுக்கிக் காட்டினார்: ஒன்பது மாத்திரை, மஞ்சளேறி.
"என்னிக்காச்சும் மனசு கேக்கலன்னா போட்டுக்கலாம்னு.
இது இருக்குற தைரியந்தான்."
ரகசிய உறைகளைப் பிரித்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும்,
217க்கு மாவு.
பத்திரமாக வையுங்கள் என்றேன்.

பையில் அந்தப் பழைய ஊதும் கருவி கிடந்தது.
பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.
நான் கேட்குமுன்பே வாங்கி, கன்னம் உப்ப ஊதினார்.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.
எழுதக் கட்டம் தேடி
ஆறாவது வாரத்துக்குப் பிறகான வெற்றுத்தாள்களைப் புரட்டினேன்.

அதற்குள் குழலைச் சட்டையில் துடைத்து
என் முன் நீட்டிவிட்டார்.
"நீங்க ஊதுங்க."

நேற்று இரவு எனக்குப் பிரிவு விருந்து.
ஒரு கோப்பை ஒயின்.
எல்லோரும் சொல்வதுபோல் நானும் ஒன்று என்கிறேன்.
ஊதினேன்.
கருவி முணுமுணுத்துக் கணக்குப் போட
அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அக்கறையாக,
கையில் ஒரு பேனா இல்லாததுதான் குறை.