நாற்பத்தேழாம் கதிரை

உள்ளங்கையைக் கொஞ்சம் அகட்டினால் மூடிவிடலாம்.
ஐந்து அங்குலம், நாலேகால்.
ஓரம் வெட்டக் கூடாது, பசை படக் கூடாது என்று
என் பில் புத்தகத்திலேயே எழுதிவிட்டுப் போனாள் சுதேசினி.
கல்லில் வரைந்து எடுத்ததாம்.
கல்லடியில் கல்லச்சு, சொல்லிச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை. வாயில் ஆணி.

படத்தில் நாலு கதிரை. பிளாஸ்டிக்.
ஒன்று ஐஸ்பழ ரோசா
ஒன்று நெக்டோ
ஒன்று தேர்தல் சுவரொட்டி மஞ்சள்.
நாலாவதுக்கு நிறமே இல்லை,
கல்லின் மணல்மணலான தடம் மட்டும்.

நாங்கள் காணாத கதிரையா?
செத்த வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும்
ஒரே லொறியில் போகிறது.
வட்டமாய்ப் போட்டால் பயிற்சிப் பட்டறை
வரிசையாய்ப் போட்டால் விசாரணை.

நாலாவதின் முதுகில் ஒரு இலக்கம், இடம் வலம் மாறி.
கல்லில் நேரே எழுதினால் தாளில் திரும்பி விழுமாம்.
ஒன்பது பிரதியும் போட்ட பிறகுதான் கண்டேன் அண்ணன், என்றாள்.
கொழுப்புள்ள இடத்தில் மை நிற்கும்,
ஈரமுள்ள இடத்தில் நிற்காது,
வித்தை அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஏறாவூர் முசம்மில் வந்தார்,
வாடகைக் கதிரைக்காரர்,
மகள் பட்டம் வாங்கிய படத்தை எடுத்துப் போக.
வந்தவர் சின்னப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.
மேசையில் கிடந்த முகக்கண்ணாடித் துண்டைத் தூக்கிப் பிடித்தார்.
நாற்பத்தேழு.

'என்ட கதிரை தம்பி இது.
கச்சேரிக்கு ஆணைக்குழு வந்த அண்டைக்கு
இருநூறு அனுப்பினன்.
நூற்றித் தொண்ணூற்றொன்பது வந்தது.
ரெண்டு தரம் எண்ணினன்.
வெயிலுக்க பெண்டுகள், மடியில படங்கள்.
ஆளைக் காணயில்லையெண்டு வந்து நிக்கிறவங்களிட்ட
கதிரையைக் காணயில்லையெண்டு
எந்த வாயால கேக்க?'

சுதேசினிக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'அம்மா எழும்ப மாட்டன் எண்டுட்டா.
பேர் கூப்பிடும் வரைக்கும் இருப்பனாம்.
பொழுதுபட்டு, கதிரையோடு தூக்கித்தான்
லாண்ட்மாஸ்டரில் ஏத்தினோம்.
அவரிட்டக் குடுங்க, நான் பேசுறன்.'

கடைக்கு வெளியே போய்ப் பேசினார்.
பஸ் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.
திரும்பி வந்து கேட்டார்,
இதில் இன்னுமொன்று அடிக்க ஏலுமா?
ஏலாது. கல்லைத் தேய்த்துவிட்டாளாம்.
இப்போது அதில் சன்லைட் சவர்க்காரம் வரைகிறாளாம்.

'நல்லம்' என்றார்.
எது நல்லம் என்று நான் கேட்கவில்லை.

மகளின் படத்தை மறந்துவிட்டுப் போனார்.
ரெண்டடி உயரம், பொன் சட்டம்.
சின்னதை மறைக்காமல்
கொஞ்சம் தள்ளிச் சாத்தி வைத்திருக்கிறேன்.