பதினான்காம் கல்

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி
கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு பாறை.
என் களப்புத்தகத்தில்
"பாறை. பற்றை. நெத்தலி காயவைக்கும் இடம்"
என்றுதான் எழுதியிருந்தேன்,
பென்சிலால்.

சங்கிலி பிடித்தவன் நிஸ்தார்.
எல்லைக்கல் நட்டவன் நான்.
பதினான்கு என்று சிவப்பில் இலக்கமிட்டு
சோற்றுக்கு நிலாவெளிக்குப் போய்விட்டோம்.

பத்தாம் நாள் வந்தால்
கல்லுக்கு மஞ்சள் துணி.
இலக்கத்தின் மேல் குங்குமம்; ஒன்று மறைந்து
நாலு மட்டும் தெரிந்தது.
பக்கத்தில் தகரப் பலகை:
ஆதி முதல் இங்கு எழுந்தருளியிருக்கும்...

ஆதி என்பது
போன செவ்வாய்க்கிழமை.

நான் சொல்லியிருக்கலாம்,
இது சீமெந்து, அச்சில் வார்த்தது,
திணைக்களத்துச் சொத்து என்று.
கூட்டத்தில் என் மைத்துனன் கோகுலறமணன்
போனை உயர்த்திப் படம் பிடித்தபடி நின்றான்.
"அவங்கள் முந்தப் பாக்கிறாங்கள் அத்தான்,
நீங்கள் சும்மா இருங்கோ."

அவங்களும் சும்மா இருக்கவில்லை.
மறுவாரம் களப்போரம் வெள்ளைக் கூடாரம்,
விடிய விடியப் பிரித் ஓதும் ஒலிபெருக்கி,
காவலுக்கு இரண்டு துவக்கு.
சிலைக்குப் பக்கத்தில் சங்கிலி பிடிக்கக் கூடாதென்று
பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்களாம்.
நிஸ்தார் ஒரு மாத லீவு எழுதித் தந்தான்,
என் முகத்தைப் பாராமல்.

கந்தோரில் தேநீர் நேரம்.
நிறையப் படிக்கிறவர் குலவீரசிங்கம்.
"இன்னும் ஐம்பது வருஷம்.
எல்லாச் சாமியும் நூதனசாலைக்குப் போயிடும்.
மதம் வீட்டுக்குள்ள, வீதி எல்லாருக்கும்" என்றார்.
தலையாட்டினேன். சரிதானே.
அவருக்குப் பின்னால் சுவரில்
நாலு மதத்துக்கும் லீவு போட்ட கலண்டர்
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பாறைக்குக் கீழே இரத்தினப்பூவைப்
பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டார்கள்.
மீன் மணம் சந்நிதிக்கு ஆகாதாம்.
சொன்னவர்கள் அவளுடைய ஊர், அவளுடைய சாமி,
அவளுடைய நெத்தலியில் சொதி வைத்துத் தின்று வளர்ந்தவர்கள்.
கல்லைக் கும்பிட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.
"ஐயா, வலை இழுக்கேக்க கூப்பிட்டா வாற சாமிக்கு
அப்ப மணக்கிறேல்லையோ?"

குலவீரசிங்கத்தின் ஐம்பது வருஷத்தை
அவளிடம் நான் எடுக்கவில்லை.
அவள் கேட்டது வெயில்.
இன்றைக்கு. ஏழடி அகலத்தில்.

நேற்று, திணைக்களம் மாற்றித்தராத
பழைய கருவியோடு தனியே போனேன்.
ஒற்றைக் கண்ணை வைத்தேன்.
குங்குமம், கூடாரம், துவக்கு, தகரம்
அதற்குள் எல்லாம் தலைகீழ்தான், எப்போதும் போல.
மட்டம் பார்க்கக் குனிந்தபோது
மணல் உள்ளங்காலைச் சுட்டது.
என் செருப்பு இரண்டும்
பத்தடி தள்ளிக் கிடந்தன.
எப்போது கழற்றினேன்?

படிவத்தில் ஒரு பெட்டி:
அவ்விடத்தின் தற்போதைய பயன்பாடு யாது.
நெத்தலி என்று எழுதிவிட்டேன்.
அடுத்த சொல்
காயவைக்கும் என்பதா, காயவைத்த என்பதா.
பேனா
இன்னும் திறந்தபடி.