மின்னல் குறி

பத்து மணிக்கு வார்டன் மயிலாத்தாள்
மாடிப்படிக்கு அடியில் லிவரை இறக்குவார்.
ஃபேன் சுற்றும். ட்யூப்லைட் எரியும்.
சுவரிலிருக்கிற பிளக்குகள் மட்டும்
செத்துப்போகும்.
"பத்துக்கு மேல வராதுங் கண்ணு.
ஓனர் சொல்லீட்டாரு."

பதினஞ்சு வேலம்பாளையம்.
பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் தங்கும் விடுதி.
எங்கள் அறையில் நான்கு கட்டில், மூன்று பேர்,
நான்காவதில் துணி.

லேப்டாப் என்னுடையது,
அதாவது வேலையை விடுகிற நாள்வரை.
பகலெல்லாம் ஆபீஸின் ஓசிக் கரண்டைக் குடித்து
நூறாகி
தோள்பையில் ஏறி மினி பஸ்ஸில் வரும்.
கேட்டில் செக்யூரிட்டி பையைத் துழாவுவார்.
கட்பீஸ் இருக்கிறதா, நூல்கண்டு இருக்கிறதா.
நான் கடத்துவது அவர் கைக்கு அகப்படாது.

மூடியைச் சாத்தினால் அது தூங்கும்.
கழுத்துப்பட்டை அரை சென்டிமீட்டர் குறைகிறதென்று
நெதர்லாந்துக்காரர் எழுதுகிற மெயில்
வெளியே நிற்கும், நிற்கட்டும்.
ஓரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று
மெல்ல எரிந்து, மெல்ல அணைந்து.

பக்கவாட்டில் இரண்டு துளை. ஒன்றுபோலவே இருக்கும்.
ஒன்றின் தலையில் மட்டும்
எறும்பளவு மின்னல் வரைந்திருக்கும்.
அது எங்களுக்குத் தெரிய
ஜெசிந்தாவுக்கு ஒருநாள் சம்பளம் செலவானது.
மின்னலில்லாத துளையில் சொருகிவிட்டுப் படுத்தாள்.
அது யோக்கியமாகத் தூங்கியது.
அவளுடைய அலாரமும் செத்துவிட்டது.
ஆறேகாலுக்கு வேன் ஹாரன் அடித்துப் பார்த்துப் போனது.
அன்று சாயங்காலமே
நல்ல துளைக்குச் சிவப்பு நகப்பாலிஷ் வைத்தாள்,
நடுவிரலுக்கு வைக்கிற கவனத்தோடு.

முறை போட்டோம்.
பன்னிரண்டு வரை பபிதா.
ஒடிசாவில் அவள் மகள் இரண்டாம் வகுப்பு,
விடிகாலையில் வீடியோவில் பல் தேய்த்துக் காட்டுவாள்.
பிறகு ஜெசிந்தா. மூன்றிலிருந்து நான்.
சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும்.
நாற்பது வந்தால் அது நோம்பி.

லேப்டாப்பைப் பெற்றவள்போல என்றெல்லாம்
எழுதிவைத்திருந்தேன்.
ஜெசிந்தா வாசித்துச் சிரித்தாள்.
"தூங்குறவ பாக்கெட்டுல கைய விடுறோம்க்கா,
அவ்வளவுதான்."

ஒருநாள் நடுச்சாமத்தில் கதவு தட்டிச் சத்தம்.
மாட்டிக்கொண்டோம் என்று
ஒயரைப் போர்வைக்குள் இழுத்தாள் பபிதா.
மயிலாத்தாள்தான்.
முந்தானை முடிச்சிலிருந்து
பட்டன் போன் ஒன்றை எடுத்தார்.
"பெரியவ பிரசவத்துக்குச் சேந்திருக்கறா, பெருந்துறையில.
உங்க ரூம்புல மட்டும் கரண்டு இருக்குதுன்னாங்க."
லிவர்ப் பெட்டியின் சாவி ஓனர் வீட்டில்.
இறக்கிப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வருவதோடு
அவர் வேலை முடிந்தது.

ஊசிமுனை பின்.
எங்கள் ஒயர் எதுவும் அதில் நுழையவில்லை.
மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் திணித்துப் பார்த்தோம்.
"சேரி, உடு கண்ணு"
என்றவர் போகவில்லை.
துணிக்கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார்.
பபிதா தன் போனை உருவி நீட்டினாள்,
பதினேழு இருந்தது.
நம்பர் அவருக்கு மனப்பாடமாக இல்லை.
செத்த போனுக்குள்தான் இருந்தது நம்பர்.

விடியும்வரை அந்த வெள்ளைப் புள்ளியை
அவர் பார்த்துக்கொண்டிருந்ததாக
பபிதா சொன்னாள்.
எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

பெண் குழந்தை. மூன்றே கால் கிலோ.
புஷ்பா ஸ்டாப் நடைபாதைக் கடையில்
நாற்பது ரூபாய்க்கு ஊசிமுனை ஒயர் ஒன்று
ஜெசிந்தா வாங்கி வந்தாள்.
அன்றைக்கும் பத்து மணிக்கு
லிவர் கீழே இறங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை ஐடி பையன் யுகேந்திரன்
மூடியைத் திறந்து நெற்றியைச் சுருக்கினான்.
"நூறுல எடுத்துட்டுப் போறீங்க,
காலையில பதினொண்ணு.
தூங்கறப்ப இத்தன கொறையக் கூடாதுங்களே?"

"எனக்கும் அப்படித்தானுங்" என்றேன்.

அவன் சிவப்புப் பொட்டு வைத்த துளையைப் பார்த்தான்.
கட்டைவிரலால் ஒருமுறை சுரண்டினான்.
ஏதோ கேட்க வந்து,
பேட்டரி பழசு என்று எழுதிக்கொண்டான்.